கண்டிச் சீமையில் ஒரு நாள்



நம் ஊர்ப் பாட்டிமார்கள் 'கண்டிச் சீமை' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். "அவன் கண்டிச் சீமைக்குப் போனவன்தான், திரும்பவே இல்லை" என்று பெருமூச்சு விடுவார்கள். அந்தச் சீமையின் ஒரு பகுதியான மாத்தளை மாவட்டத்தை ஒரே நாளில் காரில் சுற்றி வந்தோம். நீங்களும் இன்ஷா அல்லாஹ் ஒருநாள் போகக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

கண்டியில் என் சாச்சி வீட்டில் தங்கியிருந்தோம். "சிகிரியாவை முதலில் பார்த்துவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை ஏற முடியாது. மற்ற இடங்களைத் திரும்பும்போது பார்க்கலாம்" என்பது சாச்சியின் யோசனை. ஸுபுஹ் தொழுதுவிட்டு, புளிச்சாதமும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். சாச்சி, நான், என் எட்டு வயது மகள், டிரைவர் தம்பி. நிற்காமல் போனதால் இரண்டரை மணி நேரத்தில் சிகிரியா வந்துவிட்டது.

சிங்கப் பாறை

சமவெளியிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்துக்குத் தனித்து நிற்கிறது பாறை. படிகள் சுமார் 1200. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயுள்ள நீர்த் தோட்டங்களைப் பார்த்தாலே போதும். ஏறுகிறவர்கள் தட்டையான செருப்பும், காற்றில் பறக்காதபடி குத்திய முந்தானையும், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். பாறையில் குளவிக் கூடுகள் உண்டு. கூச்சல் போடக் கூடாது என்று குழந்தைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பன், கி.பி. 477 முதல் 495 வரை ஆண்டவன். தம்பி முகலன் இந்தியாவிலிருந்து படையுடன் திரும்பி வருவான் என்ற பயத்தில், இந்தப் பாறை உச்சியில் அரண்மனை கட்டிக்கொண்டான். தம்பியும் வந்தான், காசியப்பனும் மாண்டான். மேலே இன்று வெறும் அடித்தளங்கள்தாம். ஆனால் கொல்லப்பட்ட தந்தை வெட்டிய கலாவெவ ஏரி இன்றும் வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. எது நிலைக்கும், எது அழியும் என்பதற்கு வேறு பாடம் வேண்டுமா?

பாதி வழியில் பளபளப்பான 'கண்ணாடிச் சுவர்' இருக்கிறது. பார்க்க வந்தவர்கள் நூற்றாண்டுகளாக அதில் சிங்களக் கவிதைகளைக் கீறியிருக்கிறார்கள். அறிஞர் பரணவிதான அவற்றில் 685 கவிதைகளைப் படித்து 1956-இல் நூலாக்கினார். அவற்றுள் பெண்கள் எழுதியவையும் உண்டு! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சுற்றுலா வந்து, கவிதையும் எழுதிவிட்டுப் போன பெண்கள்! (நீங்கள் எதையும் எழுதிவிடாதீர்கள், இப்போது அது குற்றம்.)

நடந்து வந்தவர்களின் சாலை

அடுத்தது தம்புள்ளை. ஐந்து குகைகளைக் கொண்ட பழைய பௌத்த விகாரை; 1991-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதற்கும் மலையேற வேண்டும். கீழிருந்தே பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பினோம்.

காரில் ஏறியதும் மகள் சிணுங்கத் தொடங்கினாள். "உம்மா, கால் வலிக்குது. தண்ணி வேணும்."

சாச்சி பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இந்த ரோட்டாலதான் மகள் அந்தக் காலத்து ஜனங்க தோட்ட வேலைக்கு நடந்து வந்தாங்க. மன்னாரிலிருந்து நடை. தண்ணிக்கு எங்க போனாங்களோ, அல்லாஹ்தான் அறிவான்."

அதன்பிறகு சாலை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், காப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த ஏழைகள், தோணியில் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியே 200 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு வந்தார்கள். ஆண்களோடு இடுப்பில் பிள்ளையுடன் பெண்களும் வந்தார்கள். வாந்திபேதியிலும் அம்மையிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். காசியப்பன் பெயரை உலகம் அறியும். இவர்களுக்கு ஒரு மீஸான் கல்கூட இல்லை.

நாலந்தாவுக்கு அருகே மர நிழலில் பாய் விரித்து லுஹர் தொழுதோம். (சுருக்கித் தொழலாமா என்பதைப் புறப்படுமுன்பே ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.) சாப்பிட்டபின் நாலந்தா கெடிகேயைப் பார்த்தோம். மாமல்லபுரத்தை நினைவூட்டும் முழுக் கல் கட்டடம். போவத்தென்ன நீர்த்தேக்கம் கட்டியபோது மூழ்கிவிடாதிருக்க, கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் கட்டியிருக்கிறார்கள்.

நம் அடுப்படிச் சாமான்கள்

மாத்தளையை நெருங்கும்போது சாலையின் இருபுறமும் வாசனைத் தோட்டங்கள். மரத்தில் படர்ந்த மிளகுக்கொடி, கிராம்பு, ஏலம், கொக்கோ எல்லாம் பார்க்கலாம். ஜாதிக்காய் வெடித்து உள்ளே சிவப்புப் பத்திரி தெரிவதைக் கண்டு, "இதையா உம்மா பிரியாணியில போடுறீங்க?" என்றாள் மகள்.

இலங்கைக் கறுவாப்பட்டை காகிதம்போல் மெல்லியது. சுருளுக்குள் சுருளாக இருக்கும். 1344-இல் இலங்கை வந்த இப்னு பதூதா, புத்தளக் கரையோரம் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததைத் தம் பயண நூலில் குறித்திருக்கிறார். ஆனால் ஒரு எச்சரிக்கை: தோட்டத்தை இலவசமாகச் சுற்றிக் காட்டிவிட்டு, முடி வளரும் தைலம், மெலிய வைக்கும் மருந்து என்று கடைசியில் நீட்டுவார்கள். விலை கேட்டால் தலை சுற்றும். நான் சிக்கிக்கொண்டேன், நீங்கள் பார்த்துவிட்டு வந்து, மிளகும் பட்டையும் மாத்தளைக் கடைத்தெருவில் வாங்குங்கள்.

ஊருக்குச் சற்று முன்னால் அலுவிஹாரை. அதுவரை வாய்மொழியாகக் காக்கப்பட்ட பௌத்த வேதம், பஞ்சத்தாலும் போராலும் மறைந்துவிடுமோ என்ற அச்சத்தில், கி.மு. முதல் நூற்றாண்டில் இங்கேதான் ஓலையில் எழுதப்பட்டதாம். யமாமா போரில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானபின், ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் குர்ஆனை ஏட்டில் தொகுக்கச் செய்தது என் நினைவுக்கு வந்தது.

மாத்தளையில்

மாலையில் நகருக்குள் வந்தோம். முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் சாலையிலிருந்தே தெரிகிறது. கண்டியிலிருந்து இவ்வூருக்கு 1880-இல் ரயில் வந்தது. அதற்கு முன் நம் முஸ்லிம் வியாபாரிகள் பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றி மலைநாட்டுக்கு வந்து, பாக்கு ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். அவர்களுக்கும் இது கால் நோகும் பாதைதான்.

தோட்ட மக்களின் துயரம் நடையோடு முடியவில்லை. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தின்படி பலர், பார்த்தே அறியாத தமிழகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். 2023-இல் மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தார்கள். ஜூலை 28-இல் புறப்பட்டு ஆகஸ்ட் 12-இல் வந்து சேர்ந்தார்கள். பதினாறு நாட்கள்! காரில் எங்களுக்கு அதில் ஒரு பகுதி ஒரு பகலில் முடிந்துவிட்டது.

அக்குறணையைத் தாண்டும்போது மஃக்ரிப் பாங்கு கேட்டது. மகள் என் மடியில் தலை வைத்தபடி, "உம்மா, நடந்து வந்த பிள்ளைங்க ராத்திரி எங்க தூங்கினாங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

சகோதரிகளே, பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைப் பார்க்கும்படி திருமறை நம்மை அழைக்கிறது. சிகிரியாவை அவசியம் பாருங்கள். ஆனால் பாறையை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். வரும் வழியில் சாலையையும் காட்டுங்கள்.