காது தண்ணீருக்குள் இருந்தபோது

எங்கள் அடுக்களை வாசலை ஒட்டிய சுவரில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. இடதுபக்கம் பிள்ளைகள் வளர்ந்த கணக்கு: பிறந்தநாளுக்கு ஒரு கோடு, பக்கத்தில் வருஷம். வலதுபக்கக் கோடுகள் என்னுடையவை.

போன ஆவணியில் எனக்கு வலது தோள் இறுகிப்போனது. தலை வாரக் கை ஏறவில்லை. முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்துச் செருக முடியவில்லை. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார்கள். 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம். சர்க்கரையோ தைராய்டோ இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல். எனக்குத் தைராய்டு உண்டு, வயது 49. அதற்குச் சொன்ன பயிற்சி இது: சுவரைப் பார்த்து நின்று இரண்டு விரலால் பல்லி ஏறுவதுபோல மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். வலி மறிக்கிற இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். மறுநாள் அதைத் தாண்டப் பார்க்க வேண்டும்.

“ஒழுங்கா செய், விட்டுராத. நீ படுத்துட்டா இந்த வீடு என்னத்துக்கு ஆகும்?” என்றார் வீட்டுக்காரர். பாசமாகத்தான் சொன்னார், எனக்கும் அது தெரியும். மாமியாருக்கு இன்சுலின் போடுவது நான். பையனுக்கு இந்த வருஷம் பிளஸ் டூ. நான் விழுந்தால் நிஜமாகவே வீடு ஆடிப்போகும். ஆனாலும் அந்தச் சொல் என்னைவிட்டுப் போகவே இல்லை. வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமாக நடக்க வேண்டும் என்கிறார்கள், நடக்கிறேன். மாதவிடாய் நிற்கிற வயதில் எலும்பு மெலியும், எடை தூக்கிப் பழக வேண்டும் என்கிறார்கள், தோள் இறுகும்வரை தூக்கினேன். எல்லாமே யாருக்காகவோ இந்த உடம்பைப் பழுதுபார்த்து வைப்பதாக ஆகிவிட்டது. அது எனக்கே எனக்கென்று இருந்த காலம் ஒன்று உண்டு. அது கல்லிடைக்குறிச்சி ஆற்றில் இருந்தது.

இக்கரையில் எங்கள் ஊர், அக்கரையில் அம்பாசமுத்திரம், நடுவில் தாமிரபரணி. பொதிகையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீர் சித்திரையிலும் குளிரும். கார் சாகுபடிக்கு ஜூன் மாதம் பாபநாசம் அணையைத் திறந்துவிட்டால், முந்தின நாள் உட்கார்ந்து மஞ்சள் உரசிய படி மறுநாள் தண்ணீருக்குள் போயிருக்கும். கரை நெடுக மருதமரங்கள். வேர் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் காலடித்துப் பழகினோம்.

எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது அத்தை, அப்பாவின் அக்கா. அப்போது அவளுக்கு இப்போதைய என் வயதுதான் இருக்கும். அப்பள மாவு இடித்து இடித்துக் காய்த்துப்போன கை. வெள்ளி முளைக்கும் முன்னால் எழுந்துவிடுவாள். சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினால் நேரே அக்கரைதான். போய்த் தொட்டுவிட்டுத் திரும்புவாள். திரும்பும்போது பாதி ஆற்றில் நின்றுவிடுவாள். மல்லாந்து, கையை விரித்து, சும்மா கிடப்பாள். கரையில் எங்களுக்குப் பயமாக இருக்கும். “அத்தே! அத்தே!” என்று கத்துவோம். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

1984-இல், எனக்கு எட்டு வயதில், அந்த வித்தையை எனக்கும் காட்டினாள். ஒரு கை முதுகுக்கு அடியில், ஒரு கை பிடரிக்கு அடியில். “கழுத்த வெறைக்காதட்டி. தலைய ஆத்துக்கிட்ட குடுத்துரு.” நான் கொடுக்கவில்லை. மூக்கில் தண்ணீர் ஏறிப் புரையேறி அழுதேன். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் எப்படியோ கழுத்து தளர்ந்தது. காது இரண்டும் தண்ணீருக்குள் போயிற்று. துணி துவைக்கிற சத்தம், பாலத்தில் போகிற ரயில் சத்தம், எல்லாம் அறுந்துபோய் வேறொரு சத்தம் கேட்டது. அடியில் சரளை உருண்டுகொண்டிருந்தது. பெட்டிக்குள் கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசுவதுபோல அத்தனை மெல்லிய சத்தம். மேலே மருதமரக் கிளை நகர்ந்துகொண்டிருந்தது. கிளை நகரவில்லை, நான்தான் நகர்கிறேன் என்று புரிய நேரமாயிற்று. அத்தையின் கை எப்போது விலகியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கரையேறித் தலை துவட்டும்போது கேட்டேன், “நாங்க அம்புட்டு கத்துனோமே, ஒனக்குக் கேக்கலையா?”

“காது தண்ணிக்குள்ள கெடந்தா எவன் கூப்பிட்டாலும் கேக்காதுல்லா” என்றாள். முகம் அப்படி ஒரு நிறைவோடு இருந்தது. ஏழு பேர் சோற்றுக்கு உலை வைக்கத்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் அந்த அரைமணி நேரத்தை அவள் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை, எடுத்துக்கொண்டாள்.

13 வயதில் நான் பெரியவளானேன். அதன் பிறகு படித்துறையில் முங்கலாம், நீந்தக் கூடாது. அம்மா படியிலேயே நிற்பாள். அத்தை ஒருமுறை எனக்காகப் பேசிப் பார்த்தாள், நடக்கவில்லை. பிறகு படிப்பு, சென்னை, கல்யாணம், பிரசவம், வேலை.

ஐந்து வருஷத்துக்கு முன் இங்கே ஒரு நீச்சல் குளத்தில் பெண்களுக்கான நேரத்தில் சேர்ந்தேன். நைலான் உடை, ரப்பர் தொப்பி, 25 மீட்டர் நீளம். உடம்பு எதையும் மறந்திருக்கவில்லை. ஆனால் மல்லாந்து காதைத் தண்ணீருக்குள் விட்டால் மோட்டார் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அது பரவாயில்லை, அதற்கும் ஏங்குகிறவள்தான் நான். நாலு மாதம் போனேன். மாமியார் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதும் நின்றது.

ஆறும் நான் விட்டுவந்த மாதிரி இல்லை. பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி ஆற்றோடு விடுகிற துணிகள் வேர்களில் சுற்றிக் கிடக்கின்றன. மணல் குறைந்துவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அடுத்த தை மாதம் ஊருக்குப் போனபோது கரையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. மகளிடம் காட்ட நினைத்த மருதமரத்தைத் தேடிக்கொண்டே நடந்தேன். “இதாம்மா? இதாம்மா?” என்று ஒவ்வொரு மரமாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று நான் ஆற்றில் இறங்கவில்லை. மாற்றுத்துணி கொண்டுபோகவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அத்தை உயிரோடிருந்து அதைக் கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பாள்.

இன்று காலை இன்சுலின் போட்டு முடித்து, பையனைக் கிளப்பிவிட்டுச் சுவர் முன்னால் வந்து நின்றேன். விரல் நேற்றைய கோட்டைத் தாண்டி ஒரு நூல் அளவு ஏறியது. மல்லாந்து நீந்த, கை காதை ஒட்டி நேராக மேலே போக வேண்டும். அதற்கான உயரத்தை இடது கையால் எட்டி, தனியாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதன் பக்கத்தில் மட்டும் வருஷம் எழுதவில்லை, ஜூன் என்று எழுதியிருக்கிறேன். இன்னும் நாலு விரற்கடை இருக்கிறது.