சோளக்காட்டு நடுவே ஒரு நூலகம்

இண்டியானாபோலிஸை விட்டுக் கிழக்கே கிளம்பியதிலிருந்து சாலையின் இரு பக்கமும் மக்காச்சோளம்தான். செப்டம்பர் மாதம். ஆளுயரம் தாண்டி நின்ற பயிர் காயத் தொடங்கியிருந்தது. ஒஹாயோ எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ரிச்மண்ட் வருகிறது. ஜாஸ் கலைஞர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் 1923இல் முதன்முதலாக இசைத்தட்டுக்கு வாசித்த ஊர். நான் போனது அதற்காக அல்ல, அங்குள்ள எர்லம் கல்லூரியின் நூலகத்தைப் பார்க்க.

குவேக்கர் கிறிஸ்தவர்கள் 1847இல் பள்ளியாகத் தொடங்கி, 1859இல் கல்லூரியாக்கிய இடம் அது. பதவியைச் சொல்லி விளிப்பது குவேக்கர் வழக்கத்தில் இல்லை. பேராசிரியரையும் நூலகரையும் மாணவர்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ‘சார்’, ‘மேடம்’ என்றே பழகிய என் நாக்குக்குக் கடைசிவரை அது வரவில்லை.

கல்லூரியின் லில்லி நூலகத்தில் பிரம்மாண்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் நூலகத் துறையினருக்கு இது காசி, ராமேஸ்வரம் மாதிரி. காரணம், 1962 முதல் 1994 வரை இங்கே நூலகராக இருந்த இவான் ஃபார்பர். புது மாணவர்களைக் கூட்டிப் போய், எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று காட்டுவதைப் பல கல்லூரிகளும் செய்தன. தேவை வராத நேரத்தில் சொன்னது யார் மனதில் தங்கும்? ஃபார்பரும் அவருடைய சகாக்களும், ஆசிரியர் கட்டுரை எழுதச் சொல்லும் நேரம் பார்த்து வகுப்புக்குள்ளேயே போனார்கள். அந்தக் கட்டுரைக்கு என்ன வேண்டுமோ அதைத் தேடும் வழியை மட்டும் காட்டினார்கள். ஆசிரியரோடு உட்கார்ந்து, மாணவருக்கு என்ன பணி கொடுப்பது என்பதையும் சேர்ந்தே திட்டமிட்டார்கள்.

அது அட்டைப் பட்டியல் காலம். இன்று எல்லாம் கணினியில். வழிமுறை மாறியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டே ஒரு மேசை அருகே உட்கார்ந்தேன். நூலகர் அம்மா ஒரு முதலாண்டு மாணவனோடு பேசிக்கொண்டிருந்தார். ‘தேனீக்கள் ஏன் சாகின்றன?’ என்பது அவன் தலைப்பு. தேடுபொறியில் தட்டினால் செய்திகள் கொட்டுகின்றன. எதை எடுப்பது என்று தெரியவில்லை.

“முதலில் ஒரு கலைக்களஞ்சியத்தைப் பார்ப்போம்” என்றார் அவர். பையன் முகம் சுருங்கியது. ஆனால் அந்தக் கட்டுரையில் ‘காலனி கொலாப்ஸ் டிஸார்டர்’ என்ற பெயர் அகப்பட்டது. 2006 வாக்கில் அமெரிக்கத் தேனீ வளர்ப்போர் கண்ட விசித்திரம்: கூட்டில் ராணி இருக்கும், புழுக்கள் இருக்கும், தேனும் இருக்கும், வேலைக்காரத் தேனீக்களை மட்டும் காணோம்.

“அப்போ உங்க கேள்வி, சாகிறதா, காணாமல் போகிறதா?”

பையன் யோசித்தான். பெயரைத் தட்டி, 2006க்குப் பிந்தையவை மட்டும் என்று வடிகட்டினான். பட்டியல் சுருங்கியது. ஒட்டுண்ணி, நோய், பூச்சிமருந்து என்று காரணங்கள் பிரிந்தன. மருந்தைப் பிடித்துக்கொண்டு போனவன் கண்ணில், இதே மாநிலத்துப் பர்டூ பல்கலைக்கழகத்தின் 2012 ஆய்வு பட்டது. மருந்து பூசிய சோள விதை ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க டால்க் தூள் கலப்பார்கள். விதைப்பு இயந்திரம் ஊதித் தள்ளும் அந்தத் தூளில், தேனீக்குக் கேடான நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிமருந்து மிக அதிக அளவில் இருந்திருக்கிறது. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்த வயல்களுக்குப் பின்னால் இப்படி ஒரு கதை.

அத்தோடு விடவில்லை அவர். அந்த ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்குப் போகச் சொன்னார். இவர்கள் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று பின்னோக்கிப் பார். பிறகு இவர்களை யார் மேற்கோள் காட்டினார்கள், மறுத்தவர்கள் உண்டா என்று முன்னோக்கிப் பார். எந்த ஆய்வானாலும் பணம் கொடுத்தது யார் என்ற வரியைத் தாண்டிப் போகாதே. அந்த வழியில் போனவன் ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இந்த வகை மருந்துகள் மூன்றுக்குக் கட்டுப்பாடு விதித்து, 2018இல் திறந்தவெளிப் பயிர்களுக்கு அறவே தடுத்ததுவரை வந்துவிட்டான். இத்தனைக்கும் விசைப்பலகை அவன் கையில்தான் இருந்தது. அவர் ஒருமுறைகூடத் தொடவில்லை.

பையன் போனதும் என் ஊர் பற்றி விசாரித்தார். தமிழ்நாடு என்றதும் “ரங்கநாதன்!” என்றார். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்து, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதிய அதே ரங்கநாதன்தான். எனக்கும் குறும்பு எட்டிப் பார்த்தது. “வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவருடைய நாலாவது விதி. நீங்கள் ஒரு பையனின் அரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டீர்களே?”

“கட்டுரை கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய ராத்திரி அவன் தொலைக்க இருந்த ஐந்து மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டீர்கள்” என்றார், அடுத்த மாணவிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டபடி.