தம்புள்ளைப் பாறையில் ஒரு காலை

மலையேற்றம் என்றவுடன் நம் நாட்டு மாணவர் மனத்தில் தோன்றுவது சிவனொளிபாதமலையாகவே இருக்கும். நள்ளிரவிற் புறப்பட்டு, குளிரில் நடுங்கி, முழங்கால் நோக ஏறி, ஞாயிறு எழுவதைக் கண்டு மீளும் அந்த யாத்திரையை இளமையில் நானும் செய்தவன். ஆயினும், இன்று எழுதப் புகுவது காலையுணவுக்கு முன் ஏறி இறங்கிவிடக்கூடிய ஒரு சிறு குன்றைப் பற்றியே. நாற்பத்தைந்து வயதும் சற்றே பருத்த உடலும் உடைய ஓர் ஆசிரியனுக்கு அவ்வுயரம் போதும்.

மாத்தளை மாவட்டத்தின் வட பாகத்தில், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருஞ்சாலையின் ஓரத்தில் அமைந்தது தம்புள்ளை நகரம். அந்நகரை ஒட்டி, சூழவுள்ள சமவெளியினின்றும் ஏறக்குறைய 160 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது ஒரு கரும்பாறை. அதன் குகைகளிலே அமைந்த விகாரையை உலகம் அறியும். 1991ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. எங்கள் வீட்டில் மாத்திரம் அதற்கு வேறு பெயர். ‘பிள்ளைப் பாறை’ என்பார் என் அப்பாயி. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

மாத்தளையில் பிறந்து வளர்ந்த நான், பரீட்சை வேலையாகவும் உறவினர் வீட்டு விசேடங்களுக்காகவும் வடக்கே போகும்போதெல்லாம் அப்பாறையைக் கடந்திருக்கிறேன். ஒருமுறையேனும் ஏறியதில்லை. அப்பாயி உயிரோடிருந்த காலத்தில், பஸ் வண்டி தம்புள்ளையை நெருங்கியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். சிறுவனாயிருந்த எனக்கும் அப்பழக்கம் எவ்வாறோ தொற்றிக்கொண்டது. வளர்ந்து பட்டம் பெற்ற பின்னரும் அவ்விடம் வந்ததும் கண்கள் மறுபக்கம் திரும்பிவிடும்.

இவ்வாண்டுப் பாடசாலை விடுமுறையில், தரம் ஒன்பதில் படிக்கும் என் மகள், “அப்பா, எங்கள் சரித்திரப் புத்தகத்தில் தம்புள்ளைக் குகை இருக்கிறது. இவ்வளவு கிட்ட இருந்தும் நாங்கள் ஏன் போனதேயில்லை?” என்று கேட்டாள். தக்க விடை கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு விடியுமுன் இருவரும் முதல் பஸ் வண்டியைப் பிடித்தோம்.

நாற்பத்தைந்து கிலோமீற்றர் தூரந்தான். அலுவிகாரை, நாலந்தா, நாவுல என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னே சென்றன. மலைக் குளிர் சிறிது சிறிதாக விலகி, வறண்ட நாட்டின் இளஞ்சூடு சாளரத்தின் வழியே உள்ளே வந்தது. தம்புள்ளையை அடைந்தபோது அங்குள்ள பெருஞ்சந்தை விழித்து வெகுநேரமாகியிருந்தது. 1999இல் தொடங்கப்பட்ட அந்தப் பொருளாதார நிலையத்தில் யாழ்ப்பாணத்து வெங்காயமும் நுவரெலியாக் கரட்டும் அருகருகே மூட்டை மூட்டையாகக் கிடப்பதைப் பார்க்கலாம். நாட்டு ஒற்றுமை பற்றி மேடைகளில் நாம் பேசுவதைக் காட்டிலும் அம்மூட்டைகள் தெளிவாகப் பேசுகின்றன என்று எனக்குப் படும்.

ஏழு மணியளவில் ஏறத் தொடங்கினோம். அடிவாரத்திலே பொன்னிறம் பூசிய பெரிய புத்தர் சிலை இளவெயிலில் கண்ணைப் பறித்தது. அதற்கப்பால் வழி, சில இடங்களிற் கல்லிற் செதுக்கிய படியாகவும், சில இடங்களில் வெறும் பாறைச் சரிவாகவும் மேலே செல்கிறது. மழை பெய்து ஓய்ந்த வாரமாதலால் பாறையின் பள்ளங்களில் தேங்கிய நீரில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. குரங்குகள் எங்களை ஆராய்ந்தன. அவற்றுள் ஒன்று, எங்கள் காலையுணவாகிய வாழைப்பழச் சீப்பை மகளின் கையிலிருந்து வெகு நிதானமாக வாங்கிக்கொண்டு போயிற்று. ‘பறித்தது’ என்று எழுத மனம் வரவில்லை. அத்தனை உரிமையோடு கை நீட்டியது.

கால் மணி நேரத்திற்குள் குகை வாயிலை அடைந்துவிட்டோம். பாதரட்சைகளைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே புகுந்தோம்.

கி.மு. முதலாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்ட வலகம்பா மன்னன், தமிழ்ப் படையெடுப்பாளரிடம் அரசை இழந்து, பதினான்கு ஆண்டுகள் காடுகளிலும் குகைகளிலும் மறைந்து வாழ்ந்தான். அவ்வாறு தனக்குப் புகலிடமாயிருந்த இக்குகைகளையே அரசு மீண்ட பின்னர் விகாரையாக்கினான் என்பது மரபு. பின்பு பொலனறுவையிலிருந்து ஆண்ட நிசங்க மல்லன் சிலைகளுக்குப் பொன் பூசுவித்தான். இன்று நாம் காணும் ஓவியங்களிற் பெரும்பாலானவை பதினெட்டாம் நூற்றாண்டில், கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலும் அதன் பின்னரும் தீட்டப்பட்டவை. அம்மன்னனோ மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குடியினன். தமிழருக்கு அஞ்சி ஒருவன் ஒளிந்த பாறையை மதுரை வழிவந்த மற்றொருவன் வண்ணங்களால் நிறைத்தான். மூன்றாவது குகையிலே அவனுடைய சிலையும் நிற்கிறது. மகள் அதன் முன் வெகுநேரம் நின்றாள். “புத்தகத்தில் இதைப் போடவில்லையே” என்றாள். புத்தகத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் ஆசிரியர்களுக்கு என்ன வேலை!

இரண்டாவது குகை மிகப் பெரியது. அதன் கூரையில் மடிப்புகளை அனுசரித்தே ஓவியர் வரைந்திருப்பதால், பாறை ஒரு துணிக்கூடாரம்போல் தோன்றுகிறது. ஓரிடத்தில் கூரையிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது. கோடையிலும் நிற்பதில்லையாம். கீழே ஒரு பாத்திரம் வைத்து, அந்நீரைப் புனிதமாகக் காக்கிறார்கள். குகைகளுள் திருமாலின் உருவத்தையும், வெளியே கதிர்காமக் கந்தனுக்குரிய சிறு ஆலயத்தையும் கண்டு கைகூப்பினோம். அருகில் வெள்ளாடை அணிந்த ஒரு சிங்களப் பாட்டி, தன் தட்டிலிருந்த மலர்களிற் பாதியை எடுத்து மகளின் கையில் வைத்து, “ஒயாத் தியன்ன, துவ” என்றார். நீயும் வைத்து வணங்கு, மகளே என்பது பொருள். அவரைப் பார்த்தபோது எனக்கு அப்பாயியின் நினைவு வந்தது.

வெளியே வந்து, பாறைச் சரிவில் நிழல் விழுந்த ஓரிடத்தில் அமர்ந்தோம். வடகிழக்கே சிகிரியாக் குன்றம் காட்டின் நடுவே ஒரு பெட்டிபோல் நின்றது. கீழே, மரங்களுக்கிடையே, நாங்கள் வந்த சாலை அங்கங்கே மின்னியது. அப்பொழுதுதான் அக்கதையை மகளிடம் கூறினேன்.

கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்த காலத்தில், தென்னிந்தியத் தமிழர் தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கி, கங்காணிகளின் பின்னே நடந்தே மலைநாட்டை அடைந்தனர். மெதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு வந்த அப்பாதை வறண்ட காட்டினூடே சென்றது. குடிநீர் அரிது. வாந்திபேதியும் காய்ச்சலும் கூடவே நடந்தன. 1840களில் மட்டும் 70,000 பேர் மாண்டனர் என்று 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்று எழுதியது. அத்தொகை மிகை என்று வாதிடும் வரலாற்றாசிரியரும் உளர். தொகை எதுவாயினும், இறந்தோரை வழியோரத்தில் விட்டுவிட்டு ஏனையோர் நடந்தனர் என்பதில் ஐயமில்லை.

அப்பாயியின் அப்பாயி அவ்வழியே நடந்தவர். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. காட்டுக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மரங்களுக்கு மேலே யானை படுத்தாற்போல் ஒரு கரும்பாறை தெரிந்த நேரத்தில் மூச்சு நின்றது. ஒரு பாலை மரத்தடியில் குழி தோண்டினார்கள். கங்காணி அவசரப்படுத்தினான். அழுவதற்கும் நேரமில்லை. அடையாளத்திற்கு அப்பாறையைத் தவிர வேறொன்றும் இல்லாமையால், அது மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே நடந்தாராம். மாத்தளையை அடைந்து மாரியம்மன் முன்னே விழுந்தபோதுதான் வாய்விட்டு அழுதாராம். இன்று 108 அடி இராஜகோபுரத்தோடு விளங்கும் ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலில், அப்பாயி ஒவ்வோராண்டும் மாசிமகத் தேரன்று யார் பெயரும் சொல்லாமல் தனியே ஒரு நெய்விளக்கு ஏற்றுவார். எதற்கு என்று கேட்டால், “வழிப் பிள்ளைக்கு” என்பார்.

2023ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த இருநூறாண்டு நினைவாக, ஜூலை 28ஆந் தேதி தலைமன்னாரிற் புறப்பட்டு ஆகஸ்ட் 12ஆந் தேதி மாத்தளையை அடைந்த நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. அதன் இறுதிப் பகுதியில் ஒரு காலைப்பொழுது நானும் சேர்ந்து நடந்தேன். தார்ச்சாலை, கேட்ட இடமெல்லாம் தண்ணீர், காலில் நல்ல பாதரட்சை. அப்படியிருந்தும் வீடு வந்து சேர்ந்தபோது உள்ளங்காலில் இரண்டு கொப்புளங்கள். அன்றிரவே இப்பாறையில் ஏற வேண்டும் என்று தீர்மானித்தேன். தீர்மானித்தும் மகள் கேட்கும்வரை வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1848ஆம் ஆண்டுக் கலகத்தின்போது, ஆங்கிலேயர் விதித்த புதிய வரிகளை எதிர்த்தெழுந்த மக்கள் இவ்விகாரையிலேதான் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டி, இதே சாலை வழியே மாத்தளைக்குப் படை நடத்தினர். அதனைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். கோப்பித் துரைமாரிற் பலர் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர். தங்கள் ஊர்க் குன்றுகளையும் பள்ளத்தாக்குகளையும் நினைத்து ஸ்திராத்ஸ்பே என்றும் பல்மோரல் என்றும் மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் பெயரிட்டார்கள். அவற்றையும் அறிவோம். நடந்து வந்தவர்களின் பெயர் பொறித்த கல் ஒன்றையும் அன்று நாங்கள் வந்த வழியில் நான் காணவில்லை.

மகள் வெகுநேரம் பேசாதிருந்தாள். பின்னர், “அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் அப்பா?” என்று கேட்டாள்.

அப்பாயியிடம் நூறு முறையாவது அக்கதையைக் கேட்டிருப்பேன். பெயரைக் கேட்கத் தோன்றியதில்லை. இனிக் கேட்பதற்கும் ஆளில்லை. “தெரியாது பிள்ளை” என்றேன்.

ஒன்பது மணிக்குள் வெயில் ஏறிவிட்டது. பாதரட்சை வைத்த இடம் வரையிலும் கல் சுட்டது. மகள் குதித்துக் குதித்து நடந்தாள். நான் பெரியவன் என்ற கௌரவத்தைக் காப்பாற்ற முயன்று, பாதி வழியிற் கைவிட்டேன். அடிவாரக் கடையிற் சுடச்சுடப் பாற்சோறும் கட்டைச் சம்பலும் கிடைத்தன. வாழைப்பழத்தை இழந்த துக்கம் அத்தோடு தீர்ந்தது.

திரும்பும் பஸ்ஸில் மகள் பின்னிருக்கையின் ஓரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வண்டி நாவுலவை நோக்கி விரைந்தது. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்து, பாறை மரங்களுக்குள் மறையும்வரை பின்னோக்கியே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் இம்முறை முகத்தைத் திருப்பவில்லை.