துணியில் சுற்றிய பட்டயம்

தியானப் பகுதி: 1 சாமுவேல் 21-ஆம் அதிகாரம்



இவ்வாரத் தியானம் ஓர் அறிக்கையிடுதலும் ஆகும். 2024 ஜனவரி மாதத் தொடக்கம் முதல் மார்ச் மாதத்தின் நடுப்பகுதி வரை, உங்கள் போதகனாகிய நான் இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கியைச் சுமந்து திரிந்தேன். உங்களில் இரண்டு மூன்று பேருக்கு மட்டுமே அது தெரியும். இப்போது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் தகப்பனார் இராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு ஒருவராவது படையில் சேர்ந்தமையால் ‘இராணுவப்பேட்டை’ என்று பெயர் பெற்ற கம்மவான்பேட்டை நமக்கு அருகில்தான் இருக்கிறது. எனவே முன்னாள் படைவீரர் வீட்டில் உரிமம் பெற்ற ஆயுதம் இருப்பது நம் பகுதியில் வியப்பான செய்தியன்று. அவரிடம் இருந்தது, மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட பாயிண்ட் 32 பிஸ்டல். அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின், சட்டப்படி அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். வாரிசு என்ற முறையில் நான் அதைக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். என் உடன்பிறந்தார் இசைவுக் கடிதம் கொடுத்தார்கள். எனக்கோ அப்பொழுது அதில் நாட்டமில்லை.

நாட்டம் வந்தது ஓர் இரவில். கண்ணமங்கலம் சாலையில், கட்டட நிதிக்கான காணிக்கையோடு திரும்பிக்கொண்டிருந்த என் இருசக்கர வண்டியை இருவர் மறித்தார்கள். பையும் கைப்பேசியும் போயின. உடலில் காயமில்லை. ஆனால் அதற்குப் பின் பல வாரங்கள், பின்னால் ஒரு வண்டியின் விளக்கு தெரிந்தாலே என் கைகள் நடுங்கின. அந்த நடுக்கத்தோடுதான் சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தின் படிகளில் ஏறினேன். காவல்துறை விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று எல்லாம் முடிந்து, ஐந்தாண்டு செல்லத்தக்க உரிமம் என் கைக்கு வந்தது.

முதன்முதலில் அதைக் கையில் எடுத்தபோது, ‘இவ்வளவு சிறியதா!’ என்றே நினைத்தேன். நான் பிரசங்க மேடைக்கு எடுத்துச் செல்லும் வேதாகமத்தைவிடச் சிறியது. ஆனால் அந்தச் சிறுமைக்கு ஒவ்வாத கனம் அதற்கு இருந்தது. மேகசினில் எட்டுத் தோட்டாக்கள் அடங்கும். தகப்பனாரின் தோல் உறையில் எண்ணெய் மணமும் அவருடைய வியர்வை மணமும் கலந்திருந்தன. பயிற்சியில் சுட்டபோது கை அதிகம் அதிரவில்லை. சத்தந்தான் நெஞ்சில் அறைந்தது. நல்ல கருவி, செம்மையாகச் செய்யப்பட்டது, தகப்பனார் அதைக் கண்ணும் கருத்துமாகப் பேணியிருந்தார். இதை மறைப்பதில் பயனில்லை: அதைப் பிடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்பவர் அதை உறையிலிட்டு, முழுவதும் மூடியே கொண்டுசெல்ல வேண்டும். பிறர் காணும்படி வீசிக் காட்டுவது குற்றம். ஆகவே என் நீண்ட ஜிப்பா அதற்கு வசதியாயிற்று. ஆனால் உலகத்துக்கு மறைந்திருந்த அந்தப் பொருள் எனக்கு ஒரு நொடியும் மறைந்திருக்கவில்லை. வண்டியில் அமர்ந்தால் விலாவில் குத்தியது. முழங்காற்படியிட்டால் ஒரு பக்கம் இழுத்தது. தேநீர்க் கடையில் வாசலைப் பார்த்த இருக்கையையே தேடினேன். எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்குமுன் அவருடைய கைகளைப் பார்த்தேன். ஆத்துமாக்களைக் காணும்படி அழைக்கப்பட்டவன் கைகளை எண்ணத் தொடங்கினேன்.

உரிமத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. சிறப்பு அனுமதியின்றி அந்த ஆயுதத்தைத் திருவிழாவுக்கோ, சமய ஊர்வலத்துக்கோ, பொதுக்கூட்டத்துக்கோ, கல்வி நிறுவன வளாகத்துக்கோ கொண்டுசெல்லக் கூடாது. ஒரு போதகனின் வாரத்தை எண்ணிப் பாருங்கள்: பள்ளியில் ஜெபவேளை, ஞாயிறு ஆராதனை, இழவு வீட்டு ஊர்வலம். அங்கெல்லாம் போகும்போது அதை வீட்டில் இரும்பு அலமாரியில் பூட்டிவைக்க வேண்டியதாயிற்று. பூட்டிவைத்த நாளில் வேறு அச்சம் பிடித்தது: யாராவது திறந்துவிடுவார்களோ, விருந்துக்கு வந்த பிள்ளைகள் கைவைப்பார்களோ? சுமந்த நாளில் சாலையைக் குறித்துப் பயம். சுமக்காத நாளில் அலமாரியைக் குறித்துப் பயம். ஒரு பயத்தை விரட்ட வாங்கியது இரண்டு பயங்களாய்ப் பெருகிற்று.

ஒரு நாள், வீடு சந்திக்கச் சென்ற இடத்தில் ஞாயிறு பள்ளிச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து வழக்கம்போல என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய கை அதன்மேல் பட்டது. “ஐயா, இது என்னா?” என்று கேட்டாள். “சாவிக்கொத்து” என்றேன். யோசிக்காமலே அந்தப் பொய் வாயில் வந்தது. அன்று அந்த வீட்டில் நான் வாசித்த வேதபகுதி எதுவென்று இன்று நினைவில்லை. அந்தப் பொய்தான் நினைவிலிருக்கிறது.

பிப்ரவரி மாதத்தில் ஓர் இரவு ஒன்றரை மணியளவில் கதவு தட்டப்பட்டது. நாய் குரைத்தது. நான் எழுந்து, முதலில் விளக்கைப் போடவில்லை, துப்பாக்கியை எடுத்தேன். இருட்டில் நின்றபடி, “யாரு?” என்றேன். பதில் தெளிவாகக் கேட்கவில்லை. மறுபடியும் தட்டினார்கள். என் விரல் விசையின் அருகே இருந்தது. மூன்றாம் முறை, “ஐயா, நான்தாங்கய்யா! பொஞ்சாதிக்கு வலி எடுத்துருச்சு, வண்டி வேணும்” என்ற குரல் கேட்டது.

அந்தக் குரலை அடையாளம் கண்டபோது என் உடல் குளிர்ந்தது. அமிர்திக்குப் போகும் சாலையில், ஜவ்வாது மலையடிவாரத்தில் குடியிருக்கும் சகோதரன் அவன். உரிமமில்லாத நாட்டுத்துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி மலைச் சிற்றூர்களில் காவல்துறை அவ்வப்போது கேட்டுக்கொள்வதை அறிவீர்கள். சில ஆண்டுகளுக்குமுன் அப்படி ஓர் அறிவிப்பு வந்தபோது, அவன் தன் தகப்பன் வைத்துப்போன நாட்டுத்துப்பாக்கியைக் குறித்து என்னிடம் ஆலோசனை கேட்டான். “காட்டுப்பன்னி சாமைக் கொல்லைய அழிக்குது ஐயா” என்றான். “கர்த்தர் காப்பார், கொடுத்துவிடு” என்றேன். அவன் கொடுத்துவிட்டான். அவனுடையது உரிமமற்றது, என்னுடையது உரிமம் பெற்றது என்பது மெய்யே. சட்டத்தின்முன் அது பெரிய வேறுபாடு. ஆனால் கர்த்தர் காப்பார் என்று அவனுக்குச் சொன்ன நான், அதே கர்த்தரை நம்பாமல் கதவுக்குப் பின்னால் அவனையே குறிவைத்து நின்றேன்.

உடனே கதவைத் திறந்து வெளியே ஓடவும் முடியவில்லை. தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கட்டிலின்மேல் போட்டுவிட்டுப் போகலாமா? மேகசினைக் கழற்றி, அறையில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, அலமாரியைத் திறந்து, உள்ளே வைத்துப் பூட்டினேன். பதற்றத்தில் சாவி துளையில் நுழையவில்லை. வெளியே அவன் “ஐயா, ஐயா” என்று அழைத்துக்கொண்டிருந்தான். சபை வேனை எடுத்து, அவன் வீட்டுக்குப் போய், அந்தச் சகோதரியை ஏற்றிக்கொண்டு பாகாயத்தில் உள்ள சி.எம்.சி.யின் சாட் மருத்துவமனையை அடைந்தோம். விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தூக்கத்துல எழுப்பிட்டேன், மன்னிச்சுக்கோங்க ஐயா” என்றான். என்னால் ஒரு வார்த்தையும் பேச முடியவில்லை.

அந்தத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தபோது ஐடா ஸ்கடர் அம்மையாரை நினைத்தேன். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவியருக்காக அவருடைய கதவைத் தட்டினார்கள். அவர் அப்போது மருத்துவர் அல்லர், போக இயலவில்லை. அந்த மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்தத் தட்டலுக்குச் செவிகொடுத்தே அவர் மருத்துவம் கற்றுத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு பணியைத் தொடங்கினார். நம் ஒன்றியத்துத் தாய்மார் எத்தனையோ பேர் அதன் கனியைப் புசித்திருக்கிறார்கள். இரவில் கதவு தட்டப்படும் ஓசையை அவர் அழைப்பாகக் கேட்டார். நான் ஆபத்தாகக் கேட்டேன்.

இனி நம் வேதபகுதிக்கு வருவோம். சவுலுக்குத் தப்பி ஓடும் தாவீது, நோபு என்னும் ஊரில் ஆசாரியனாகிய அகிமெலேக்கிடம் வருகிறான். ராஜாவின் வேலையாய் வந்ததாகப் பொய் சொல்லுகிறான். ஆயுதம் ஏதும் உண்டா என்று கேட்கிறான். ஏபோத்துக்குப் பின்னால், துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்த கோலியாத்தின் பட்டயம் அவனுக்குக் கொடுக்கப்படுகிறது. அதற்கு நிகரில்லை என்று மகிழ்ந்து வாங்குகிறான். அன்றைக்கே அவன் எங்கே போகிறான்? கோலியாத்தின் சொந்த ஊராகிய காத்துக்கு! அங்கே ஆகீஸ் ராஜாவின் ஊழியக்காரர் தன்னை அடையாளம் கண்டபோது மிகவும் பயந்து, பித்தங்கொண்டவன்போல் கதவுகளில் கீறி, தாடியில் எச்சில் வடிய நடிக்கிறான்.

கவனியுங்கள். ஏலா பள்ளத்தாக்கில் கையில் கவணும் ஐந்து கூழாங்கற்களும் மட்டும் இருந்தபோது, அவன் இராட்சதனைக் கண்டு அஞ்சவில்லை. அந்த இராட்சதனின் பட்டயமே கையில் வந்த நாளில், ஆகீஸ் ராஜாவைக் கண்டு அஞ்சினான். பட்டயத்தில் குறையில்லை. அதை நம்பி எழுந்த நெஞ்சில்தான் குறை இருந்தது. அவன் நோபுவில் சொன்ன பொய்யோ அத்தோடு நிற்கவில்லை. தோவேக்கு அதைக் கண்டு சவுலுக்கு அறிவித்தான். ஆசாரியர் எண்பத்தைந்துபேர் வெட்டுண்டார்கள். அந்தச் சாவுகளுக்குத் தானே காரணம் என்று தாவீது பின்பு அறிக்கையிட்டான். சிறுமியிடம் சொன்ன ‘சாவிக்கொத்து’ என்ற சொல்லை அந்த அதிகாரத்தின் அருகில் வைத்து வாசித்தபோது நான் நடுங்கினேன்.

மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. தேர்தல் காலத்தில் உரிமம் பெற்ற ஆயுதங்களை ஒப்படைக்கும் முறைப்படி, நானும் அதைக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது பெற்றேன். வெளியே வந்து வண்டியில் ஏறியபோது விலாவில் எதுவும் குத்தவில்லை. எட்டு நாள் கழித்துக் குருத்தோலை ஞாயிறு. பவனியில் பிள்ளைகள் இருபக்கமும் கட்டிக்கொண்டு நடந்தார்கள்.

ஜூன் மாதத்தில் வாக்கு எண்ணிக்கை முடிந்தது. திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்ற தகவலும் வந்தது. தகப்பனாரின் நினைவுப்பொருள் ஆயிற்றே என்று மனம் இழுக்கத்தான் செய்தது. ஆயினும் உரிமத்தைத் திரும்ப ஒப்படைக்க விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன். தோல் உறையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வங்கிகளில் காவல் பணி செய்யும் நம் சபையின் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பிழைப்பையோ கடமையையோ நான் குறைகூறவில்லை. என் தகப்பனாரும் உங்களில் ஒருவர். அவர் அதைப் பயமின்றிச் சுமந்தார். நான் பயத்தினால் சுமந்தேன். நான் அறிக்கையிடுவது அதையே. கண்ணமங்கலம் சாலையில் இன்றும் எனக்குப் பயம் உண்டு. இப்போது காணிக்கைப் பணத்தைச் சபைப் பொருளாளரும் நானுமாக, பகலிலேயே வங்கியில் செலுத்துகிறோம்.

மலையடிவாரத்துச் சகோதரனிடம் நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்து, “அடுத்த தடவை பேர சொல்லிக்கிட்டே தட்டுறேன் ஐயா” என்றான். அந்தச் சிறுமியிடமும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, “எனக்கு அப்பவே தெரியும் ஐயா. சாவின்னா சத்தம் வருமே” என்றாள்.

அன்பானவர்களே, நீங்கள் ஏபோத்துக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருப்பது எது? அது ஆயுதமாய்த்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு வங்கிக் கணக்காகவோ, ஒருவரைக் குறித்த இரகசியமாகவோ, பழைய பகையாகவோ இருக்கலாம். இந்த வாரம் அதை வெளியே எடுத்துக் கர்த்தருக்கு முன்பாக வைப்போம்.

ஜெபம்: எங்கள் கன்மலையாகிய கர்த்தாவே, பயத்தினால் நாங்கள் பற்றிக்கொண்டவைகளை நீர் அறிவீர். அவைகளை விட்டுவிடும் தைரியத்தைத் தாரும். இரவில் எங்கள் கதவைத் தட்டுகிறவர்களுக்குத் தாமதமின்றித் திறக்க எங்களைப் பழக்குவியும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.