தானாக ஏறும் அப்டேட்: யார் செய்த ஏற்பாடு?

என் மேசைக் கணினியில் உபுண்டு லினக்ஸ் ஓடுகிறது. பாதுகாப்பு அப்டேட்டுகள் அதில் தாமாகவே ஏறிவிடுகின்றன. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யார், எந்தத் தேவைக்காகச் செய்தார் என்று தேடத் தொடங்கினேன். லினக்ஸில் அதற்கு வழி எளிது. கோப்புகள் நம் கணினியிலேயே இருக்கின்றன, திறந்து படிக்கலாம்.

வேலையைச் செய்வது 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' என்ற பைத்தான் நிரல். அதன் தலைப்பகுதியிலேயே எழுதியவர் பெயர் இருக்கிறது: மைக்கேல் வோக்ட். உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனத்தின் பதிப்புரிமைக் குறிப்பு 2005இல் தொடங்குகிறது. முதல் உபுண்டு வந்ததே 2004 அக்டோபரில்தான்.

இந்த நிரலும் தனியாக எதையும் செய்துவிடுவதில்லை. ஒரு மென்பொருள் பொதிக்குத் துணையாக வேறென்ன வேண்டும் என்று பார்த்து இறக்கித் தருவது ஆப்ட். அது 1999 மார்ச்சில், உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் 2.1ஆம் பதிப்புடன் வந்தது.

அப்படியானால் வேலையைத் தொடங்கிவைப்பது எது? லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸில் நேரம் பார்த்து வேலை செய்ய, 1979இல் வந்த ஏழாம் பதிப்பிலேயே கிரான் இருந்தது. இரவுபகலாக ஓடும் கணினிகளுக்கு அது போதும். வீட்டுக் கணினியை நாம் வேலை முடிந்ததும் அணைத்துவிடுகிறோம். குறித்த நேரத்தில் அது அணைந்திருந்தால் அன்றைய வேலை விட்டுப்போகும். இந்தக் குறையைத் தீர்க்க வந்தது அனாக்ரான். கிறிஸ்டியன் ஷ்வார்ட்ஸ் யோசித்து எழுதியதை இட்டாய் சூர் முழுக்கத் திருத்தி எழுதினார் என்கிறது அதன் கையேடு. மணி என்ன என்று அது பார்ப்பதில்லை. கடைசியாக வேலை நடந்து எத்தனை நாளாயிற்று என்று பார்க்கிறது.

இன்று அந்த இடத்தில், லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமர் இருக்கிறது. பொதிப் பட்டியலைப் புதுப்பிக்கும் டைமரைத் திறந்தேன். சில வரிகள்தான். காலை 6, மாலை 6 என்று ஒரு வரி. 12 மணி நேரம் வரை தள்ளிப்போகலாம் என்று அடுத்த வரி. எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் சர்வரில் போய் விழக்கூடாது என்பதற்காக. நேரம் தவறியிருந்தால் கணினி எழுந்ததும் செய்துவிடு என்று இன்னொரு வரி. அனாக்ரான் தீர்த்த அதே சிக்கல் இங்கே ஒரே வரியில் தீர்ந்திருக்கிறது.

நிரலின் அமைப்புக் கோப்பைப் படித்தபோதுதான் எழுதியவர்களின் நிதானம் புரிந்தது. பாதுகாப்புத் திருத்தங்களுக்குத்தான் முதலிடம். லேப்டாப் பேட்டரியில் ஓடினால் வேலை தொடங்காது. அப்டேட்டைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்கிறது. நடுவில் கணினியை அணைக்க நேர்ந்தாலும் கையிலுள்ள பகுதியை முடித்துவிட்டு நிற்கும். நாமாக மாற்றினாலொழிய ரீஸ்டார்ட் செய்வதே இல்லை. திறந்து கிடக்கும் நம் வேலைக்கு அவர்கள் தந்த மரியாதை அது.

2017இல் வந்த டெபியன் 9 முதல், க்னோம் மேசைத்தளத்தை நிறுவினால் இந்த ஏற்பாடும் சேர்ந்தே வருகிறது. தொல்லை என்று நினைத்து இதை நிறுத்திவைத்திருப்பவர்கள் மறுபடி இயக்குங்கள். ரீஸ்டார்ட் மட்டும் நம் பொறுப்பு. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு அப்டேட் ஏறினாலும், ரீஸ்டார்ட் செய்யும்வரை ஓடுவது பழைய கெர்னல்தான். கணினி கேட்கும் அன்றைக்கே செய்துவிடுங்கள்.