கோர்வைக்கு ஓர் ஆள்

என் அக்கா மகன் வட கரோலினாவில் படிக்கிறான். அக்டோபர் பிறந்துவிட்டால் வாரம் ஒருமுறையாவது தொலைபேசியில் அழைப்பான். நலம் விசாரிக்க அல்ல. நவம்பரில் தொடங்கும் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவத்தில் தன் அணிக்கு என்ன வாய்ப்பு என்பதை யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும் அவனுக்கு. டியூக் பல்கலைக்கழகமும் வட கரோலினாப் பல்கலைக்கழகமும் ஏறத்தாழப் பத்து மைல் இடைவெளியில் இருக்கும் பகுதி அது. அங்கே கூடைப்பந்து பற்றிப் பேசாமல் முடிவெட்டிக்கொள்ளக்கூட முடியாது என்பான்.

"போன வருஷம் ஆடினவங்கள்ல பாதிப்பேர் இல்ல மாமா. ஒருத்தன் என்.பி.ஏ.வுக்குப் போயிட்டான். ரெண்டு பேர் வேற காலேஜுக்கு மாறிட்டாங்க. புதுசா வர்ற பையன் ஏழடி. அவன் மட்டும் செட் ஆயிட்டா..."

அந்த 'மட்டும்' என்ற சொல்லில் அவன் குரல் சற்றே தாழ்ந்தது. நான் சிரித்துவிட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு முன்னால், வாலாஜாபாத் ரயில் நிலையத்தின் சிமெண்டு பெஞ்சில் அமர்ந்து, இதே சொல்லை இதே குரலில் நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அது 1994. காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் நான் இறுதியாண்டு மாணவன். வாலாஜாபாத்திலிருந்தும் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டையிலிருந்தும் தினமும் பேருந்தில் தொற்றிக்கொண்டு அந்தக் கல்லூரிக்குப் போய்வந்த ஏழெட்டுப் பேர், மாலையானால் ரயில் நிலையத்தில் கூடுவோம். செங்கல்பட்டுக்கும் அரக்கோணத்துக்கும் இடையே ஓடும் வண்டிகள் மிகச் சில. வண்டி இல்லாத நேரத்தில் அந்த நடைமேடையைப் போல அமைதியான இடம் ஊரில் வேறில்லை. கிரிக்கெட் பேச ஊரெல்லாம் ஆள் இருந்தது. நாங்கள் பேசியது கூடைப்பந்து. காரணம் எளிது. எங்கள் கல்லூரி கிரிக்கெட்டில் ஒருபோதும் தேறாது என்பது தெரிந்துவிட்டிருந்தது. கூடைப்பந்தில் இன்னும் தெரியாமல் இருந்தது.

எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு இந்த விளையாட்டு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், பனிக்காலத்தில் அடைந்து கிடந்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக்கூடைகள் இரண்டை மாடத்தில் அறைந்து இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அவர் பணிபுரிந்தது ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அதே ஒய்.எம்.சி.ஏ.வின் சார்பில் சென்னை வந்த ஹாரி குரோ பக் 1920இல் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்றவர்கள் தமிழ்நாடெங்கும் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களாகப் போனார்கள். எங்கெங்கோ சிற்றூர்களில் இரண்டு கம்பங்களும் இரண்டு பலகைகளும் முளைத்தன. பெரியகுளம் போன்ற ஊரில் கோடைதோறும் அகில இந்தியப் போட்டி நடப்பதும், ஊரே திரண்டு நின்று பார்ப்பதும் இந்தத் தொடர்ச்சியில்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் கல்லூரியில் இருந்தது ஒரு சிமெண்டு ஆடுகளம். மழை பெய்தால் ஒரு மூலையில் நீர் தேங்கும். அணியின் கனவும் பெரிதல்ல. பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் சென்னையின் பெரிய கல்லூரி ஒன்றையாவது வீழ்த்த வேண்டும். நாக்-அவுட் முறை. ஒரு தோல்வியோடு பருவம் முடிந்துவிடும். முந்தைய ஆண்டு அது நாற்பது நிமிடங்களில் முடிந்திருந்தது.

கல்லூரி அணியின் ரசிகனாக இருப்பதில் ஒரு விசித்திரம் உண்டு. மற்ற அணிகளில் ஆட்டக்காரர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருப்பார்கள், ரசிகன் அவர்களோடு சேர்ந்து வயதாவான். கல்லூரி அணி மூன்றாண்டுக்கு ஒருமுறை முழுவதுமாக அழிந்து மீண்டும் பிறக்கிறது. பெயரும் சட்டையின் நிறமும் மட்டும் மிஞ்சும். ஆகவே 'இந்த ஆண்டு எப்படி' என்ற கேள்வி அங்கே வேறு எங்கும் இல்லாத கூர்மை கொள்கிறது. அமெரிக்காவில் 1939இல் எட்டு அணிகளோடு தொடங்கிய கல்லூரிகளின் தேசியப் போட்டி 2011இல் 68 அணிகளாக வளர்ந்தது. 2018இல் கல்லூரி மாற விரும்புவோருக்கென்று ஒரு பதிவேடு வந்தது. 2021முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் ஈட்டவும் வழி பிறந்தது. அதன்பின் மூன்றாண்டு, நான்காண்டு என்ற கணக்கும் அங்கே குலைந்துவிட்டது. என் அக்கா மகன் ஆண்டுதோறும் புதிய முகங்களைக் காதலிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

எங்கள் கணக்குகள் வேறு விதமானவை. யார் படிப்பை முடித்துப் போகிறான், யாருக்கு எத்தனை பாடம் அரியர் நிற்கிறது, யாருடைய அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம், விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கொடுத்து யாரை வேறு கல்லூரி இழுத்துக்கொண்டது. இவற்றையெல்லாம் நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நான் ஆடத் தெரியாதவன். ஆடத் தெரியாதவர்களுக்கே உரிய பிடிவாதத்தோடு கணக்கு வைத்தேன். முதல் பக்கத்தில் 'வாய்ப்புகள்' என்று தலைப்பிட்டு, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தேன்.

அந்த ஆண்டு வாய்ப்புகள் எல்லாம் ஒரே பெயரில் வந்து நின்றன. அய்யம்பேட்டைக்காரன், இரண்டாமாண்டு மாணவன். ஆறடி இரண்டங்குலம். எங்கள் பகுதியில் அந்த உயரம் பேருந்தில் ஏறினால் திரும்பிப் பார்க்க வைக்கும். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர். அவன் கை தூக்கி ஒரு துள்ளுத் துள்ளினால் விரல் வலையைத் தாண்டிப் போகும். ஆனால் எங்களைக் கவர்ந்தது உயரமல்ல. நெரிசலில் பந்து கைக்கு வந்த மறுகணம், பார்க்காமலே பக்கத்தில் இருப்பவனிடம் அதைச் சேர்த்துவிடும் அவனுடைய கை. இது எங்கிருந்து வந்தது என்று வியப்போம். அவன் ஆறு வயதிலிருந்தே தறியில் உட்கார்ந்தவன் என்பது எங்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருந்தால், நெசவில் அவற்றை இழைக்கு இழை பிணைக்க வேண்டும். அதுதான் கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் ஒவ்வொரு நாடா என்று மூன்று நாடாக்கள் ஓடும். நெய்பவர் ஒருவரால் எட்டாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, கரை நாடாவை வாங்கி, ஊடையைப் பிணைத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முறை. அந்தத் துணையாள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை. காஞ்சிபுரத்துத் தறிகளில் குழந்தைகள் உட்கார்ந்தது அந்த நாட்களில் பெரிய பிரச்சினையாகப் பேசப்பட்டது. பேசப்பட வேண்டியதும்தான். இவன் அப்படி வளர்ந்தவன். நீண்ட கால்களைக் குழிக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, அப்போதும் தன் அப்பாவுக்குக் கோர்வை போட்டுக்கொண்டிருந்தான்.

ஜூலை இறுதியில் பத்து நாள் பயிற்சி முகாம் அறிவித்தார்கள். காலை ஐந்தரை மணிக்கும் மாலையிலும் பயிற்சி, இடையில் வகுப்பு. முகாமுக்கு வராதவனுக்கு அணியில் இடமில்லை. அது ஆடி மாதம். ஆவணி முகூர்த்தங்களுக்காகத் தறிகள் ஓய்வில்லாமல் ஓடும் காலம்.

ரயில் நிலையத்தில் அன்று நாங்கள் வெகுநேரம் பேசினோம். அவனை வளையத்துக்கு அடியில் நிறுத்துவதா, வெளியே இழுப்பதா? அப்போது ஆட்டம் இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. பந்தைக் கையில் வைத்துக்கொள்ள முப்பது நொடி. நான்கு பத்து நிமிடப் பகுதிகளும் இருபத்து நான்கு நொடியும் 2000த்தில்தான் வந்தன. ஆகவே நிதானமாக ஆடி அவனுக்குப் பந்தைச் சேர்க்கலாம் என்பது ஒரு கட்சி. 6.25 மீட்டர்க் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிய நல்ல கை ஒன்று இருக்கிறது, அவனை நம்பலாம் என்பது மறு கட்சி. கால் இறுதி நிச்சயம் என்றார் ஒருவர். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

பெஞ்சின் ஓரத்தில் எப்போதும் ஒரு பெரியவர் இருப்பார். கண் மங்கியதால் தறியை விட்டவர். மாலைக் காற்றுக்கு வருவார். எங்கள் பேச்சைக் கேட்பாரே தவிர, கலந்துகொள்ள மாட்டார். அன்று கேட்டார்.

"அந்தப் பையன் முகாமுக்கு வந்துட்டா, அவங்கப்பாவுக்குப் பக்கத்துல யார் தம்பி உக்கார்றது?"

எங்களில் அவன் தெருக்காரன் ஒருவன் இருந்தான். நிலைமையை அவன் சொன்னான். ஒரு பாவில் மூன்று சேலை. இரண்டு முடிந்துவிட்டன, மூன்றாவது தறியில் இருக்கிறது. முதலாளி நாள் குறித்திருக்கிறார். சின்னவன் ஒன்பதாவது படிக்கிறான். 'பெரியவனைக் கெடுத்தது போதும், இவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த மாட்டேன்' என்கிறார் அப்பா. அம்மாவுக்கு முதுகு வலி.

யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "அப்ப அவன் இல்லாத டீமை யோசிப்போம்" என்றார். நான் நோட்டில் அவன் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி இட்டேன். அவ்வளவுதான் செய்தேன். அடுத்த அரை மணி நேரம் அவன் இல்லாத அணியின் வாய்ப்புகளைப் பற்றி அதே ஊக்கத்தோடு பேசினோம்.

முகாமின் முதல் நாள் காலை அவன் ஆடுகளத்தில் நின்றுகொண்டிருந்தான்.

மூன்று நாள் கழித்து, அவன் மறந்துவிட்டுப் போன காலணிகளைக் கொடுக்க அய்யம்பேட்டைக்குப் போனேன். வாசலிலேயே தறிச் சத்தம் கேட்டது. உள்ளே இருட்டு. கண் பழகியபோது, அப்பாவுக்குப் பக்கத்தில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். பார்வை மங்கியவர் எப்படி இழையைப் பிணைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் பார்க்கவில்லை. விரலால் தடவி எடுத்தார். நாடாவை வாங்கினார், பிணைத்தார், கொடுத்தார். அப்பா வேகத்தைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டிருந்தார். அவருக்காகத்தான் என்பது புரிந்தது.

"வேகம் இல்லய்யா. ஆனா நிக்காம ஓடுது" என்றார் பெரியவர், என்னைப் பார்க்காமலே.

அந்த ஆண்டு நாங்கள் முதல் சுற்றில் வென்றோம். இரண்டாம் சுற்றில் நான்கு புள்ளிகளில் தோற்றோம். அவன் பத்தொன்பது புள்ளிகள் எடுத்திருந்தான். ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது ஐந்தாவது ஃபவுல் விழுந்து வெளியேறினான். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவன் அமர்ந்திருந்த தோற்றம் இப்போதும் நினைவிருக்கிறது. கால் இறுதி கைக்கெட்டாமல் போயிற்று. அடுத்த ஆண்டு அவன் முகாமுக்கு வரவில்லை. பெரியவரின் கண் அதற்குள் முற்றிலும் போய்விட்டிருந்தது. வங்கி அணிகளின் தேர்வு, ரயில்வே வேலை என்று நாங்கள் அவனுக்காகக் கட்டியிருந்த கோட்டைகள் பேச்சோடு நின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் அவனை வாலாஜாபாத் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். வெகுகாலம் தன் மனைவியோடு கோர்வைத் தறி நெய்திருக்கிறான். அவளுக்கு உடல்நிலை ஒத்துழைக்காமல் போனதும் தறியைக் கழற்றிவிட்டு, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கசப்பு எதுவும் தெரியவில்லை. பேருந்து வரும்வரை அந்த ஒரு பருவத்தைப் பற்றித்தான் பேசினான். "அந்த அஞ்சாவது ஃபவுல் நான் செய்யவே இல்ல அண்ணே" என்றான். பிறகு, "தாத்தா மட்டும் இல்லன்னா அதுவும் இல்ல" என்றான்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அண்மையில் எடுத்துப் பார்த்தேன். யார் எத்தனை புள்ளி எடுப்பான், எந்தக் கல்லூரியில் யார் உயரம், எந்தச் சுற்றில் யாரைச் சந்திப்போம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்தப் பருவத்தில் உண்மையில் எதையாவது மாற்றிய ஒரே மனிதரின் பெயர் அதில் எங்கும் இல்லை. ரசிகர்களாகிய நாங்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் இளைஞர்கள், கையும் கண்ணும் நன்றாக இருந்தவர்கள். கோர்வை போடக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆகியிருக்கலாம். ஆனால் அங்கே போய், 'என்ன உதவி வேண்டும்' என்று கேட்க ஒரு மாலை போதும். அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாய்ப்புகளைப் பற்றிப் பேசுவதே அணிக்குச் செய்யும் பணி என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

பேசியதில் தவறில்லை. அந்தப் பேச்சின் இனிமையை நான் இப்போதும் மறுக்கமாட்டேன். என் அக்கா மகன் அடுத்த வாரமும் அழைப்பான், நானும் ஆவலோடு கேட்பேன். ஏழடிப் பையன் எப்படி ஆடுகிறான் என்று விசாரிப்பேன். அதற்கு முன் ஒன்று கேட்க நினைத்திருக்கிறேன். அந்தப் பையன் எந்த ஊர், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று.