எண்ணெய் குறையாத வண்டி

நம் பாலிடெக்னிக்கில் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போனால், புத்தம் புது வண்டிகளுக்கு நடுவே ஒரு பழைய கறுப்பு யமஹா ஆர்.எக்ஸ்.100 நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது என்னுடையது. காலையில் அது புகை விட்டுக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்ததுமே, "கொசு மருந்து வண்டி வந்திடுச்சுடா" என்று கத்துவார்கள். அந்த வண்டியை வாங்கிய கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். சிரிப்பதற்கும் கொஞ்சம் இருக்கிறது, யோசிப்பதற்கும் கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். அப்பா பட்டுத் தறி நெய்கிறார். கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கு இரண்டு நாடா, ஆக மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவரால் முடியாது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். பத்தாவது பரீட்சை முடிந்த லீவிலிருந்து அந்த இன்னொருவர் நான்தான். டிப்ளமோ சேர்ந்த பிறகு இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர ஆறரை ஆகிவிடும். அதுவரை அம்மா சமையலையும் போட்டுவிட்டு, முதுகு வலியோடு எனக்குப் பதிலாகத் தறியில் உட்காருவாங்க. ஒரு வண்டி இருந்தால் ஐந்து மணிக்குள் தறிக்கு வந்துவிடலாம். காரணம் இதுதான் என்று வீட்டில் சொன்னேன். ஆர்.எக்ஸ்.100 சத்தத்தின் மேல் எனக்கிருந்த ஆசையைச் சொல்லவில்லை!

ஆசை வராமல் எப்படி இருக்கும்? 1985-ல் நம் நாட்டுக்கு வந்து 1996-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. நான் பிறப்பதற்கு முன்பே நின்றுவிட்டது. 98 சி.சி. எஞ்சின், 11 குதிரைத்திறன், எடை சுமார் 100 கிலோதான். கிளட்சை விட்டால் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். வாலாஜாபாத் பக்கம் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் தன் வண்டியை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டோம். விலை 45,000 ரூபாய். நான் தறியில் சேர்த்த பணம் பாதி, அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடன் பாதி.

வாங்கும்போது நான் புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொண்டேன் என்று நினைப்பு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் வண்டியோடு ஒத்துப் பார்த்தேன். 15 வருஷம் தாண்டிய வண்டி என்பதால், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பித்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். கிக்கரை மெதுவாக மிதித்து கம்ப்ரஷன் பார்த்தேன். விற்றவர் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டு, "நல்லா வெச்சுக்கோ தம்பி" என்று சாவியைக் கொடுத்தார். "ஆயில் எப்படி ஊத்தணும்?" என்று கேட்க வாய் வரை வந்தது. மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறவன் இதைக் கேட்டால் என்ன நினைப்பார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆர்.எக்ஸ்.100-ல் டூ.டி. ஆயிலுக்குத் தனி டேங்க் உண்டு, பம்ப் தானாகவே வேண்டிய அளவு எஞ்சினுக்கு அனுப்பும் என்று எனக்குத் தெரியும். சைடு பேனலைத் திறந்து அந்த டேங்கை நிரப்பினேன். பெட்ரோல் பாதியானதும் பங்க்கில் வெறும் பெட்ரோலை நிரப்பினேன். மூன்று வாரம் ராஜா மாதிரி ஓட்டினேன். ஆயில் டேங்கைத் திறந்து பார்த்தால் ஊற்றிய அளவு அப்படியே இருந்தது. "என் வண்டி எண்ணெயே குடிக்காதுடா" என்று நண்பர்களிடம் பெருமை வேறு!

ஒரு நாள் மாலை செவிலிமேடு பாலாற்றுப் பாலத்தின் மேல் வரும்போது எஞ்சின் சத்தம் இறுகியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. அடுத்த நொடி பின் சக்கரம் 'கிரீச்' என்று நின்றுவிட்டது. ஏதோ ஒரு நல்ல நேரம், கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஊர் வரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

மெக்கானிக் அண்ணன் சிலிண்டரைக் கழற்றினார். பிஸ்டன் முழுக்கக் கோடு கோடாகக் கீறல். "தம்பி, பம்ப்பை என்னைக்கோ அடைச்சிட்டாங்களே. நீ பெட்ரோல்ல ஆயில் கலக்கலையா?" என்றார். பம்ப் எப்போதாவது காலை வாரிவிடும் என்ற பயத்தில் அதை மூடிவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேராம். விற்றவருக்குப் போன் செய்தேன். "நான் வாங்குறப்பவே அப்படித்தான். கலந்துதான் உனக்கும் ஃபுல் பண்ணிக் குடுத்தேன். நீ மெக்கானிக்கல்தானே படிக்கிறே, பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்" என்றார். அவர் கலந்து கொடுத்த பெட்ரோல்தான் மூன்று வாரம் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், டூ ஸ்ட்ரோக் எஞ்சின் படத்தை அழகாக வரைந்து பரீட்சையில் முழு மார்க் வாங்கியவன் நான். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்க இடம் உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் கேஸுக்குள் வந்து, அங்கே அழுந்தி, பிறகுதான் மேலே ஏறுகின்றன. அந்த இடமே கலவைக்கு வழியாகிவிட்டதால் அங்கே எண்ணெயைத் தேக்க முடியாது. கூடவே வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். இதையெல்லாம் எழுதத் தெரிந்தது. எண்ணெய் குறையவில்லை என்றால் அது எங்கேயும் போகவில்லை என்று யோசிக்கத் தெரியவில்லை.

அப்பா திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. கீறல் விழுந்த பிஸ்டனைக் கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "நாடா ஓடுது, தார்ல நூல் மட்டும் குறையலைன்னா, மிச்சம்னு நான் சந்தோஷப்படுவேனா? தறியை நிறுத்திட்டு எங்க அறுந்துச்சுன்னு பார்க்க மாட்டேன்? உனக்குத் தெரியலைன்னா கேட்டிருக்கலாமேடா. படிக்கிறது கேக்கிறதுக்குத்தானே?" பள்ளிக்கூடப் பக்கமே அதிகம் போகாத மனுஷன் கேட்ட அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போய் 0.25 மி.மீ. ஓவர் சைஸ் பிஸ்டன் வாங்கி வந்தேன். லேத்தில் போர் போட்டார்கள். எல்லாம் சேர்த்து 6,200 ரூபாய். வண்டி நின்ற இரண்டு வாரமும் அம்மாதான் மறுபடி கரை நாடா தள்ளினாங்க. முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய புடவை ஆறு நாள் தள்ளிப்போய், கூலியிலும் பிடித்தம். அந்தப் பணத்தை நான் ஈடு கட்டிவிட்டேன். அந்த முதுகு வலியை எதை வைத்து ஈடு கட்டுவது?

இப்போது அம்மாவின் இருமல் மருந்து அளக்கும் 10 மில்லி மூடிதான் என் அளவுகோல். லிட்டர் பெட்ரோலுக்கு இரண்டு மூடி டூ.டி. ஆயில், அதாவது 50-க்கு 1. போர் போட்ட முதல் 500 கிலோமீட்டர் 40-ஐத் தாண்டவில்லை. வாரம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். காப்பிப் பொடி நிறமாக இருந்தால் சரி. ஈரக் கறுப்பாக இருந்தால் எண்ணெயோ பெட்ரோலோ அதிகம், வெள்ளையாக வெளுத்திருந்தால் உடனே நிறுத்த வேண்டும். சைலன்சருக்குள் கரி அடைத்தால் வண்டி இழுக்காது, அதையும் கழற்றிச் சுத்தம் செய்வேன். கியர் பாக்ஸ் ஆயில் தனி, அதை மறக்கக் கூடாது.

எரியாத பெட்ரோல் கொஞ்சம் புகையோடு வெளியேறுவது இந்த எஞ்சினின் குறைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எடை குறைவு என்பதால் ஐரோப்பாவில் காலை ஊன்றாமல் பாறை மேல் ஏறும் 'டிரயல்ஸ்' போட்டிக்கு இன்றும் டூ ஸ்ட்ரோக் வண்டி செய்கிறார்கள். அங்கேயும் பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். எண்ணெய் விஷயத்தில் பாறையும் ஒன்றுதான், பாலாற்றுப் பாலமும் ஒன்றுதான்.

பழைய டூ ஸ்ட்ரோக் வாங்கப் போகும் நண்பர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. ஆயில் டேங்கில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். பம்ப் வேலை செய்கிறது என்று தெரியும் வரை பெட்ரோலிலும் ஆயிலைக் கலந்தே ஊற்றுங்கள். கோடு இறங்குகிறதா என்று பாருங்கள். அதற்கும் முன்னால், விற்கிறவரிடம் வாயைத் திறந்து கேளுங்கள். கேட்டால் ஒரு நிமிஷ வெட்கம். கேட்காததற்கு நான் கொடுத்த விலையை மேலே எழுதிவிட்டேன்.

மணி நாலரை ஆகிறது. தறியில் அப்பா காத்திருப்பார். வரட்டுமா?